தரை டிக்கெட் ஊமையன்

தகரக் கொட்டகையில் பத்து வருடத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் அறை என்று கடிதம் வந்தது. கொட்டகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் எழுப்புகிறார்கள். முதலாளியின் பேரன்கள் இடத்தை விற்றபோது, பழைய ஆட்களுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போங்கள் என்று தொழிலாளர் அலுவலகம் குறுக்கே விழுந்து மல்லுக்கு நின்றதில், பின்பக்கம் தரைத்தளத்தில் பதின்மூன்று அறைகள் ஒதுக்கினார்கள். ஓர் அறை, அதற்குள்ளேயே ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. உயிரோடு இருக்கும்வரை இருந்துகொள்ளலாம்.

கடிதம் தம்பியின் பேருக்கு வந்திருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"நான் அங்க வேலை பாத்தது நாலு மாசம். நாலு மாசத்துக்கு ஒரு ரூமா? இன்னும் ரெண்டு மாசம் இருந்திருந்தா மொட்டை மாடியையும் சேத்து எழுதிக் குடுத்திருப்பானுங்க போல."

தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். "இருபத்திரெண்டு வருஷம்னு போட்டிருக்கு" என்றாள்.

அக்காவும் சிரிக்கவில்லை. அந்த இருபத்திரண்டு வருடமும் அவளுடையது.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. தம்பிக்கு அக்கா என்பதால் தெருவுக்கும் அக்கா. கல்யாணமாகி இரண்டே வருடத்தில், புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்திருப்பது தெரிந்து, ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பியவள். அம்மா போன பிறகு அந்த வீடு தம்பியின் வீடாயிற்று. இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு நடை. அந்த நடையில்தான் அக்காவின் படுக்கை. காலையில் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிட வேண்டும். குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். யாரும் அவளை ஒரு குறை சொன்னதில்லை. "காலை மிதிச்சிட்டேனா அண்ணி, மன்னிச்சுக்குங்க" என்று தம்பி பெண்டாட்டி இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள். நடை அவ்வளவுதான் அகலம்.

அறை என்ற சொல்லைக் கடிதத்தில் பார்த்த நிமிடத்திலிருந்து அக்காவுக்கு வேறெதுவும் ஓடவில்லை. நடுப்பகலில் காலை நீட்டிப் படுக்கலாம். யாரும் தாண்டிப் போக மாட்டார்கள்.

இருபத்திரண்டு வருடம் எப்படித் தம்பியின் பேரில் போயிற்று என்றால், அது ஒரு வாரத்துக்கென்று ஆரம்பித்த காரியம்.

அப்போது அரை மைல் சுற்றளவில் மூன்று கொட்டகைகள் இருந்தன. ஒன்றில் ஏ.சி. உண்டு. அங்கே போகிறவர்கள் தலைவாரிக்கொண்டு போவார்கள். இன்னொன்றில் பழைய படங்கள் மட்டும் ஓடும். மூன்றாவது தகரக் கொட்டகை. மழை பெய்தால் கதாநாயகன் பேசுவது கேட்காது. மூட்டைப்பூச்சிக்குத் தனி டிக்கெட் கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு. ஏ.சி. கொட்டகை இப்போது மெத்தைக் கடை. தரை இன்னும் சரிவாகவே இருப்பதால், படுத்துப் பார்க்கிறவர்கள் கால்பக்கமாக வழுக்குகிறார்கள். பழைய படக் கொட்டகை கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. மூன்றிலும் கூட்டம் அதிகம் கண்டது தகரக் கொட்டகைதான்.

தம்பிக்குப் பதினெட்டு வயதில் அங்கே தரை டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. நாலு மாதம் உட்கார்ந்தான். ஒருநாள் ஒரு லாரிக்காரர் கூப்பிட்டார் என்று, "ஒரு வாரத்துல வந்துடறேன்க்கா, அதுவரைக்கும் நீ போய் உக்காரு, வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான். ஒரு வாரம் ஒன்பது வருடமாக நீண்டது.

மானேஜர் நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். முதல் நாள் அக்காவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தரை டிக்கெட்டுல பொம்பளையாம்மா? கை உள்ள வந்துச்சுன்னா ஒருத்தனும் வெளிய எடுக்க மாட்டான். முதலாளிக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"ஒரு வாரம்தான் சார். தம்பி வந்துடுவான்."

அவர் உள்ளே போய் ஒரு காக்கிச் சட்டையைக் கொண்டுவந்தார். முழுக்கை. அதைப் புடவைக்கு மேல் மாட்டி, மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, தம்பியின் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். வளையல் கூடாது. பேசக் கூடாது. எத்தனை டிக்கெட் என்று வெளியிலிருந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் பலகையை இறக்கிவிட வேண்டும். பின்வாசல் வழியாக வரும்போது கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு இருக்கட்டும், தம்பிக்குச் சோறு கொண்டு வருகிற மாதிரி. பதிவேட்டில் தம்பி பேருக்கு எதிரே தம்பியின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பழக அக்காவுக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதல் எழுத்து கொக்கி மாதிரி வளையும். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு நீளும். கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. மானேஜர் அறையில் பதிவேட்டைக் கம்பி வலைக்கு அடியில் தள்ளி நீட்டுவார்கள். மணிக்கட்டை மடக்கித்தான் போட வேண்டும். அதனால் நாளாவட்டத்தில் கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டது. தம்பி போட்டதில் கோடு நேராக இருக்கும்.

தரை டிக்கெட் கொடுக்கிற அறை ஓர் ஆள் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும் அளவு. முன்னால் ஒரு முழம் கனத்தில் சுவர். அதில் ஒரு கை நுழைகிற துவாரம். முதல் நாள் காட்சியில் அந்த ஒரு கை துவாரத்தில் நாலைந்து கைகள் நுழையும். எந்தப் பணம் எந்தக் கையுடையது, எந்தக் கைக்கு எத்தனை டிக்கெட் என்று மாறாமல் திணித்தாக வேண்டும். மாறினால் வெளியே வெட்டுக்குத்து. அக்காவுக்கு ஒருநாளும் மாறியதில்லை.

முகம் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. கைகளைத்தான் தெரியும். கட்டைவிரலில் ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப் போன கை. நகக்கண்ணில் கரி அப்பிய கை. சுண்டுவிரல் இல்லாத கை ஒன்று வெள்ளிக்கிழமை தவறாது வரும். பச்சைக் கல் மோதிரம் போட்ட கை ஒன்று எட்டு வருடம் வாரா வாரம் இரண்டு டிக்கெட் வாங்கிற்று. ஒரு வாரம் அது ஒரு விரலைக் காட்டியது. அக்கா பழக்கத்தில் இரண்டைக் கிழித்துவிட்டாள். அந்தக் கை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை மெல்ல உள்ளே தள்ளியது. அன்று காட்சி முடியும்வரை அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க அவளுக்கு வாய் கிடையாது.

படம் ஆரம்பித்துக் கால் மணி, அரை மணி கழித்துத்தான் கதவைத் திறந்துகொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் வந்து நிற்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எந்தப் படத்துக்கும் ஆரம்பம் பார்த்ததில்லை. யார் யாருக்கு அண்ணன், யார் எதற்காக அழுகிறாள் என்பதையெல்லாம் தானாகவே இட்டுக்கட்டிக்கொள்வாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஒன்பது வருடம் கழித்துத் தம்பி திரும்பி வந்தான், மனைவியும் கைக்குழந்தையுமாக. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் சேர்ந்தான். "உன் வேலையை நீயே பாருடா" என்று அக்கா சொன்னாள். "அந்தப் பொந்துக்குள்ள மனுஷன் உக்காருவானா" என்றான் அவன். சரி, பேரையாவது மாற்றலாம் என்று மானேஜரிடம் போனாள். "இப்ப போய்ச் சொன்னா ஒன்பது வருஷம் என்ன பண்ணீங்கன்னு முதலாளி கேப்பாரும்மா. நேரம் பாத்துச் சொல்றேன்" என்றார். நேரம் பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பிறகு கொட்டகையும் மூடிற்று.

கடிதம் வந்த மறுநாள் அக்கா அதை எடுத்துக்கொண்டு தனியாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். இரண்டாவது மாடி. அங்கே இருந்த அலுவலருக்கு நாற்பது வயது இருக்கும். மேசை ஓரத்தில் தகரக் கொட்டகையின் பதிவேடுகள், கயிறு போட்டுக் கட்டி, நாலு கட்டு. அவற்றின் அட்டையைப் பார்த்ததும் அக்காவுக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்தது போல் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா பதிவேட்டுல ஆம்பளை பேரு இருக்கு. நான் எப்படி மாத்துவேன்?"

"நான்தான் சார் உக்காந்திருந்தேன்."

"அதை யாராவது பாத்திருக்கணும். சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேரு. உங்களை அந்த வேலையில கண்ணால பாத்தோம்னு எழுதிக் குடுக்கணும். பதினஞ்சு நாள் டைம். இல்லேன்னா பதிவேட்டுல இருக்கிறவர் வந்து, அதே கையெழுத்தை என் முன்னால போட்டு, ரூமை வாங்கிக்கலாம்."

இரண்டு பேர். இதென்ன பெரிய கம்ப சூத்திரமா என்று நினைத்துக்கொண்டு அக்கா படியிறங்கினாள். இருபத்திரண்டு வருடம். ஒரு நாளைக்கு மூன்று காட்சி. ஊரே அவள் கையால் டிக்கெட் வாங்கியிருக்கிறது.

முதலில் தையல்காரரிடம் போனாள். கொட்டகைக்கு எதிர்ச் சந்தில் நாற்பது வருடமாகக் கடை. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"தரை டிக்கெட்டா? அட, ஊமையன்" என்றார் உடனே. "அப்படித்தான் கூப்பிடுவோம். என்ன கேட்டாலும் பேச மாட்டான். டிக்கெட் இருக்காடான்னு கெஞ்சினாலும் பதில் வராது. பலகையை டமால்னு இறக்கிடுவான். எங்க செட்டுல எல்லாருக்கும் அவன் மேல கடுப்பு."

"அது நான்தாண்ணே."

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"விளையாடாதீங்கம்மா. உங்க தம்பிதானே அது? கைக்கடிகாரம் கட்டின கை. நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்."

"அந்தக் கை என்னுதுண்ணே. உங்க கட்டைவிரல் எனக்குத் தெரியும். மதியம் ஆட்டத்துக்கு மூணு டிக்கெட் வாங்குவீங்க. சில்லறையை எப்பவும் உள்ளங்கையில சூடா வெச்சிருப்பீங்க."

அவர் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்றது நெஜமாவே இருக்கலாம். ஆனா கண்ணால பாத்தேன்னு எப்படி எழுதுவேன்? நான் பாத்தது ஒரு காக்கிச் சட்டை. வேணும்னா உங்க தம்பிக்கு வந்து சொல்றேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." பிறகு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, உங்க தம்பி இப்ப லொடலொடன்னு பேசுறாரே, அப்ப மட்டும் ஏன் அப்படி?"

கொட்டகை வாசலில் கடலை விற்ற அம்மாள் இப்போது மகள் வீட்டில் இருந்தாள். கண் மங்கிவிட்டாலும் ஞாபகம் மங்கவில்லை. அக்காவின் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உன்னைத் தெரியாதா? தூக்கைத் தூக்கிக்கிட்டு மூணு வேளையும் ஓடி வருவியே. தம்பின்னா இப்படி இருக்கணும், அக்கான்னா அப்படி இருக்கணும்னு எம் மகளுக்கு உன்னைக் காட்டித்தான் சொல்வேன். நீ ஆக்கிப் போட்ட சோத்துலதான் அவன் அந்தப் பொந்துல காலந்தள்ளினான்."

"அந்தத் தூக்குல சோறு கிடையாதும்மா. காலித் தூக்கு."

"போடி, உனக்கு எப்பவும் தன்னடக்கம்."

எவ்வளவு சொல்லியும் பலிக்கவில்லை. அந்த அம்மாளுக்கு அக்காவை ரொம்பப் பிடித்திருந்தது. சோறு கொண்டுவந்த அக்காவைத்தான் பிடித்திருந்தது. அவளை விட்டுக்கொடுக்க அந்த அம்மாள் தயாராக இல்லை.

இப்படியே ஆறு பேர். சுண்டுவிரல் இல்லாத கைக்காரரையும் தேடிப் பிடித்துவிட்டாள். கீரைக் கட்டு வாங்கிக்கொண்டு நின்றவரின் கையைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே இரண்டு தெரு நடந்து, அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். முகத்தை அன்றுதான் பார்க்கிறாள். நீளமான, சோர்ந்த முகம். அவள் கேட்டதைக் கேட்டுவிட்டு அவர், "யாரும்மா நீங்க?" என்றார். அவர் பெண்டாட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து அதையே இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

எல்லாம் அறிந்தவர் உயிரோடு ஒருவர்தான்: கேட்டுக்காரர். தினமும் பின்வாசலைத் திறந்துவிட்டவர். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசிநூல் கொடுத்தவர். அவரிடம் கடைசியாகப் போனதற்குக் காரணம், அவர் வீடு தொலைவு என்பது மட்டும் இல்லை. அவர் இல்லையென்று சொல்லிவிட்டால் வேறு கதி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு, அறுந்த செருப்பு வாரைக் கம்பியால் பிணைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அவர் கை கூப்பிவிட்டார்.

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்மா. நானே வரணும்னு இருந்தேன். கால் வரல."

"நீங்க ஒருத்தர் சொன்னாப் போதும்ணே. இன்னொருத்தரை எப்படியாவது புடிச்சுடுவேன்."

"உக்காரும்மா." அவர் உட்காரவில்லை. "நீ அலுவலகத்துக்குப் போய் வந்தியே, அதுக்கு மறுநாளு முதலாளி பேரனுங்களோட வக்கீலு ஆளுங்க அங்க வந்திருக்கானுங்க. இந்தப் பதிவேட்டுல ஒரு பேரு பொய்யின்னு தெரிஞ்சா, மொத்தப் பதிவேடும் பொய்யின்னு கோர்ட்டுல நிப்பாட்டிடலாம்னு பேசிக்கிட்டானுங்களாம். அவனுங்களுக்கு அந்த ரூமையெல்லாம் கடையாக்கணும். எப்படா ஓட்டை கிடைக்கும்னு பாத்துக்கிட்டிருக்கானுங்க."

அக்கா அவர் கையிலிருந்த செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆபரேட்டரு சம்சாரம் வாடகை வீட்டுல, நெஞ்சுல தண்ணி கட்டிக் கெடக்குது. பெருக்கறவன் பொண்ணு வீட்டுக்கும் பையன் வீட்டுக்கும் பந்து மாதிரி உருண்டுகிட்டிருக்கான். நான் இருக்கற லட்சணம் நீயே பாக்கிற. பன்னெண்டு பேரும்மா. நீ போட்ட கையெழுத்து நீ போட்டதுன்னு நான் சொன்னா, பன்னெண்டு பேரு தலையிலயும் மண்ணு."

"அப்ப என் தலையில, அண்ணே?"

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எழுபத்தைந்து வயது மனிதர், அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

"உன் தம்பி தங்கமான பையன்மா. அவன் வாங்கினா உனக்கு வாங்கின மாதிரிதானே?"

"ஆமாண்ணே" என்றாள். வேறென்ன சொல்ல. அந்தச் செருப்பை வாங்கி, வாரைத் திருப்பிப் பிணைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் மாற்றிப் பிணைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கத் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் கேட்டு, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை நகல் எடுத்து வந்திருந்தாள் அவன் மனைவி. பக்கத்திலேயே நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடு ஏறணும்ங்க. நீங்க படுக்க வெக்கிறீங்க."

"என் கையெழுத்து இப்படித்தாண்டி. அதை நான் எப்படிப் போடறதுன்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

"உங்க கையெழுத்து செல்லாதுங்க. அண்ணி போட்ட உங்க கையெழுத்துதான் செல்லும்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சாட்சி கிடைத்ததா என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

தம்பி பெண்டாட்டிதான் பேசினாள். அவள் மோசமானவள் இல்லை. மனதில் உள்ளதை நேராகச் சொல்கிறவள். "அண்ணி, ரூம் உங்களுக்குத்தான். பேரு மட்டுந்தான் அவரு பேரு. யாரு வந்து கேட்டாலும் நான் சொல்வேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இப்ப பெரியவளுக்கு ஏழாம் மாசம். மாப்பிள்ளைக்கு வேலை போயிடுச்சு. வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டான். புள்ளைத்தாச்சியை இந்த நடையில படுக்கப் போட முடியுமா? முதல்ல அவங்க கொஞ்ச நாள் இருக்கட்டும். குழந்தை பொறந்து, ஒரு நிலைக்கு வந்ததும் நீங்க போய்க்கலாம்."

பெரியவள் அக்காவின் மடியில் வளர்ந்தவள். காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் அம்மாவை விட்டுவிட்டு அத்தையைக் கேட்டவள். வேண்டாம் என்று அக்கா எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வாள்.

"அக்கா, உனக்கு இஷ்டம் இல்லேன்னா நான் போகவே மாட்டேன்" என்றான் தம்பி. மனதாரத்தான் சொன்னான். அவன் எல்லாவற்றையும் மனதாரத்தான் சொல்வான். லாரியில் ஏறிய அன்று சொன்னதும் மனதாரத்தான்.

போகாவிட்டால் அறை யாருக்கும் இல்லை. பெரியவள் நடையில் படுப்பாள். அக்கா சமையலறைக்குப் போவாள். அவள் இதை யோசித்து முடிப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பேனாவை அப்படிப் புடிக்காதடா. மணிக்கட்டை மடக்கு. கம்பிக்கு அடியில நுழைச்சு எழுதற மாதிரி நினைச்சுக்கோ."

"எந்தக் கம்பி?"

அவள் ஒரு சீப்பை எடுத்து நோட்டுக்குச் சற்று மேலே குறுக்காகப் பிடித்தாள். "இதுக்கு அடியில."

ஒன்பது நாள். பட்டறையிலிருந்து வந்ததும் கை கழுவிவிட்டு உட்காருவான். கொக்கி வந்தால் கோடு வராது. கோடு ஏறினால் புள்ளி விலகும். இருபத்தைந்து வருடம் செம்புக் கம்பி சுற்றிய விரல்கள், சின்னதாக எதையும் வரைய மறுத்தன. "என் பேரை எழுத எனக்கு ட்யூஷன்" என்று சொல்லிச் சிரிப்பான். அக்கா சிரிக்காமல், "மறுபடி" என்பாள். மனதுக்குள் ஒரு குரல், தப்பாகச் சொல்லிக்கொடு, கோட்டைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லிக்கொடு, எல்லாம் இத்தோடு முடியட்டும் என்று சொல்லிற்று. பன்னிரண்டு பேரையும் பெரியவளையும் நினைத்துக்கொண்டாள். தப்பாகச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு வரவில்லை. எட்டாம் நாள் அவன் போட்டதும் அவள் போட்டதும் எது எதென்று தம்பி பெண்டாட்டிக்கே தெரியவில்லை. அவள் கை தட்டினாள். தம்பி எழுந்து நின்று வணங்கினான். அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு, படுக்கையை எடுத்து விரித்தாள்.

பதினைந்தாம் நாள் காலையில் அக்காவும் தம்பியும் அலுவலகத்துக்குப் போனார்கள். வரிசையில் பழைய ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். கேட்டுக்காரர் அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

தம்பியின் முறை வந்தது. அலுவலர் அக்காவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளை நகர்த்தி, மூன்று முறை போடச் சொன்னார். தம்பி மணிக்கட்டை மடக்கிக்கொண்டு போட்டான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அலுவலர் பதிவேட்டின் நாலைந்து பக்கங்களைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்து, "சரி" என்றார். பிறகு விண்ணப்பத்தைத் திருப்பி அக்காவின் பக்கம் தள்ளினார்.

"குடும்பத்துல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். இங்க."

அக்கா பேனாவை வாங்கி, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

அலுவலர் முத்திரையை எடுத்தவர், அப்படியே நிறுத்தினார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முதல் எழுத்து கொக்கியாக வளைந்து, கோடு மேலே ஏறி, அடியில் இரண்டு புள்ளி. பக்கத்தில் தம்பி முக்கி முனகிப் போட்ட மூன்றும் அதற்கு முன்னால் பிள்ளை எழுத்தாகத் தெரிந்தன. பதிவேட்டைத் திறந்து இன்னொரு முறை பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை.

தம்பி அப்போதுதான் கவனித்தான். முகம் வெளுத்துப் போயிற்று. அக்காவுக்கு என்ன செய்தோம் என்று கொஞ்சம் தாமதமாகவே புரிந்தது. அலுவலகப் பேனாவைப் பிடித்துக் கையெழுத்து என்றால், அவள் கைக்கு இந்த ஒன்றுதான் தெரியும்.

அலுவலர் வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு சாட்சி கேட்டிருந்தேனேம்மா. ஒருத்தராவது கிடைச்சாங்களா?"

பின்னால் கேட்டுக்காரர் இருமினார். யாரோ, சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அவள் வேறு ஏதாவது சொல்லுவாளோ என்று. பிறகு அந்தத் தாளை நான்காக மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தம்பியை மறுபடி போடச் சொன்னார். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போட்டான். ஒப்பேறும்படி வந்தது.

"இங்க உங்க பேரும்மா" என்றார். "உங்க பேரு."

"எனக்குன்னு தனியாக் கையெழுத்து இல்ல சார். பேரை எழுதினாப் போதுமா?"

"போதும்."

"அப்பா இனிஷியலா, வீட்டுக்காரர் இனிஷியலா?"

"உங்க அட்டையில எது இருக்கோ அது."

அவள் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, அதில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். அலுவலர் முத்திரை குத்தினார். வரிசை நகர்ந்தது.

இருவரும் படியிறங்கினார்கள். ஒரு மாடி இறங்கியதும் தம்பி நின்றான்.

"அக்கா, ஆறு மாசந்தான். குழந்தை பொறந்துடட்டும். மாப்பிள்ளை எங்கயாவது ஒட்டிக்கிட்டான்னா..."

"சரிடா."

"சத்தியமா ஆறு மாசம்."

"சரின்னுட்டேன்ல. அந்த ரூம்ல தண்ணி எந்த நேரம் வரும்னு கேட்டியா? கைக்குழந்தை இருக்கப் போற இடம்."

அவன் கேட்டிருக்கவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று திரும்ப மாடியேறினான். அக்கா படியில் ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.